சிப்போராளின் மூன்று வசனங்கள்

வெள்ளைத்தாய்க்குச் சிப்போராள் என்று பேர் வைத்த ஐயர் நல்ல மனிதர். அவர் செய்த ஒரே பிழை, யாத்திராகமத்தில் இரண்டாம் அதிகாரத்தோடு நின்றுகொண்டு பேரைத் தேர்ந்தெடுத்தது. ஐயர் என்றதும் பூணூலைத் தேட வேண்டாம். அந்தச் சபையில் போதகருக்கு அதுதான் மரியாதைப் பெயர்.

அது 1991. நாகலாபுரத்துக்குத் தெற்கே ஆடு மேய்க்கிற சுந்தரபாண்டியின் மகள், கோவில்பட்டிக்குத் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்க வந்தாள். அந்த ஊரில் தொழிற்சாலையை ஆபீஸ் என்பார்கள். அங்கே கணக்கெழுதிக்கொண்டிருந்த செல்வக்குமாருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அவளுக்கும்தான். ஆனால் அதை அவன் வாய்விட்டுச் சொல்வதாக இல்லை. தீபாவளி போனஸ் வந்தது, போயிற்று. அடுத்த தீபாவளியும் வந்தது. கடைசியில் அவளே கேட்டுவிட்டாள்.

"என்ன, சொல்லுதீங்களா, இல்ல நான் ஊருக்குப் போய் ஆட்டப் பாக்கவா?"

செல்வக்குமார் அப்போதே சபைக் கமிட்டியின் செயலாளர். எந்தக் காரியத்தையும் தீர்மானமாக எழுதி, முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் கிடைத்த பிறகே செய்கிற சுபாவம். காதலுக்கு வழிமொழிய ஆள் கிடைக்காததால் தாமதமாகிவிட்டது என்று சமாதானம் சொன்னான். அவள் சிரித்தாள். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஞானஸ்நானம். ஐயர் கண்ணை மூடி யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆடு மேய்க்கிறவர் மகள். வேறு கூட்டத்துப் பெண். தேவனுடைய மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டவள். கிணற்றடியில் மோசே கண்ட சிப்போராள். உனக்கென்றே எழுதிவைத்த பெயர் அம்மா."

சுந்தரபாண்டிக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை. "பொண்ணைத்தான கட்டிக்கிடுதீக, பேரையுமா எடுத்துக்கிடணும்? அதுவும் என்ன பேரு, சிப்பமா? வத்தல் கட்டுத சிப்பமா?"

"சிப்போராள், அய்யா."

"என்னமோ. எனக்கு அவ வெள்ளைத்தாய்தான்," என்றார் சுந்தரபாண்டி. ஊரும் அப்படியே வைத்துக்கொண்டது. சபைப் பதிவில் சிப்போராள். தெருவில், ரேஷன் கடையில், புருஷன் வாயில், தன் வாயிலும் வெள்ளைத்தாய்.

எட்டாவது வரை படித்தவள் அவள். கல்யாணமாகி வந்த வீட்டில் மத்தியானம் கொல்லையில் அப்பா கொடுத்தனுப்பிய இரண்டு வெள்ளாடுகளுக்குத் தழை போட்டுவிட்டு, தன் பேரைத் தேடி வேதத்தைப் புரட்டினாள். இரண்டாம் அதிகாரம் அவளுக்கு ரொம்பப் பிடித்தது. பெண்பிள்ளைகள் கிணற்றில் இறைத்துத் தொட்டியை நிரப்ப, முரட்டு மேய்ப்பர்கள் வந்து விரட்ட, எங்கிருந்தோ வந்த ஒருவன் அவர்களை அடக்கி ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிறான். 'எங்கூர் கம்மாயில தெனமும் நடக்குத சண்டைல்லா இது' என்று நினைத்துக்கொண்டாள். அந்த உற்சாகத்திலேயே நான்காம் அதிகாரத்துக்குப் போனதுதான் வினை.

அங்கே கர்த்தர் மோசேயை எகிப்துக்குப் போகச் சொல்கிறார். அவன் தனக்குப் பேச வராது என்கிறான். வேறு ஆளை அனுப்பச் சொல்கிறான். ஒருவழியாகச் சம்மதித்து, பெண்டாட்டி பிள்ளைகளைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறான். வழியில் தங்கின ஓர் இடத்தில், அனுப்பிவைத்த அதே கர்த்தர் எதிரே வந்து அவனைக் கொல்லப் பார்க்கிறார். ஏன் என்று ஒரு வார்த்தை கிடையாது. உடனே சிப்போராள் கூரான கல் ஒன்றை எடுத்து மகனுக்கு விருத்தசேதனம் பண்ணுகிறாள், அதாவது நுனித்தோலை அறுக்கிறாள். அதைக் காலடியில் எறிந்து, நீர் எனக்கு இரத்தசம்பந்தமான புருஷன் என்கிறாள். கர்த்தர் விலகிப் போய்விடுகிறார். மூன்றே வசனம். அடுத்த வசனத்தில் கர்த்தர் எதுவுமே நடக்காததுபோல அண்ணன் ஆரோனிடம் பேசுகிறார். ஆரோன் வந்து தம்பிக்கு முத்தம் கொடுக்கிறான். சிப்போராள் என்ன ஆனாள், பிள்ளைக்கு யார் கட்டுப்போட்டார்கள் என்று எழுதியவருக்குக் கவலையே இல்லை.

சாயங்காலம் செல்வக்குமார் சைக்கிளை நிறுத்துவதற்குள் கேட்டுவிட்டாள். "இங்கேருங்க, இது என்னது? என் பேரைப் போட்டு என்னமோ எழுதியிருக்கு."

அவன் நின்றபடியே படித்தான். இன்னொரு தடவை படித்தான். "ஐயர்ட்ட கேப்போம்."

வெள்ளிக்கிழமைதோறும் வீட்டு ஜெபக்கூட்டம். ஒவ்வொரு வாரமும் ஒரு வீடு, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அதிகாரம், விடாமல் வரிசையாக. அதிகாரம் எந்த வீட்டில் விழுகிறதோ அது அந்த வீட்டுக்கான வார்த்தை என்பது சபையின் நம்பிக்கை. நான்காம் அதிகாரம் விழுந்த வீட்டில் ஐயர் இருபத்துமூன்றாம் வசனம் வரை கணீரென்று வாசித்தார், ஒரு செருமல், இருபத்தேழில் தொடர்ந்தார்.

"ஐயரே, நடுவுல மூணு வசனத்தைக் காணுமே," என்றாள் வெள்ளைத்தாய்.

பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள்.

"அது மர்மம்மா."

"பேரு வைக்கையில மர்மம்னு சொல்லலியே."

"வைக்கையில எனக்கு ஞாபகம் வரலை," என்றார் ஐயர். பொய் சொல்லத் தெரியாதவர். "விருத்தசேதனம்னா, தேவன் தம்முடைய ஜனத்துக்கு வைத்த அடையாளம்."

"நாங்க ஆட்டுக்குக் காதுல வெட்டி அடையாளம் வைப்போமே, அது மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

"அப்போ அந்தப் பிள்ளைக்கு அதுவரைக்கும் ஏன் வைக்கல? அப்பன்காரரு என்ன பண்ணிக்கிட்டு இருந்தாவ?"

ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முடிவு ஜெபம் வழக்கத்தைவிடச் சுருக்கமாக இருந்தது.

அந்தச் சபையில் ஐயர்களுக்கு மாற்றல் உண்டு. அதனால் அவளுக்கு மேலும் இரண்டு விளக்கங்கள் கிடைத்தன. அடுத்து வந்தவர் இளைஞர், இறையியல் கல்லூரியில் நிறையப் படித்தவர். அது ரொம்பப் பழைய கதையின் ஒரு துண்டு, பிற்காலத்தில் தொகுத்தவர்கள் எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்கே செருகிவிட்டார்கள், மூலத்தில் கொல்ல வந்தது ஏதோ ராத்திரிப் பேயாகக்கூட இருக்கலாம் என்று அன்போடு விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அப்போ என் பேரு ஒரு ஒட்டுத்துணின்னு சொல்லுதீங்க."

"அப்படி இல்லம்மா. அது ஒரு சுவாரஸ்யமான ஒட்டுத்துணி."

மூன்றாமவருக்கு அறிவு கம்மி என்று சொல்ல முடியாது, தொண்டை பெரிது. அவர் அந்த மூன்று வசனத்தைத் தாண்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்திலேயே எடுத்துக்கொண்டார். சிப்போராள் அந்நியப் பெண், மகனுக்கு விருத்தசேதனம் செய்யவிடாமல் புருஷனைத் தடுத்தவள், அதனால்தான் தேவகோபம், கடைசியில் வேறு வழியில்லாமல் செய்துவிட்டு, புருஷனைப் பார்த்து ரத்தக்காரா என்று ஏசினாள், ஊழியத்துக்குத் தடையாக இருக்கிற மனைவிகள் யோசித்துப் பார்க்கவேண்டும். முன்வரிசையில் ஆண்கள் தலையாட்டினார்கள். கமிட்டியில் மூத்தவரான தவசிமுத்து அண்ணாச்சி மட்டும், ரத்தசம்பந்தம் என்றால் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர் என்றுதான் அர்த்தம், தானும் மாமன் மகளைக் கட்டியவன் என்று வாசலில் தனியாக ஒரு விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத்தாய் பிடித்துக்கொண்டாள். 

"கல்லை எடுத்தவ அவ. அறுத்தவ அவ. புருஷன் உயிரைக் காப்பாத்துனவ அவ. தடுத்தவளும் அவளாமே! அது எந்த வசனத்துல இருக்கு? காட்டச் சொல்லுங்க உங்க ஐயர!"

"அவிய ஜெபிச்சுத்தான் சொல்லியிருப்பாவ, தாயி."

"ஜெபிக்கையில ஒரு தடவ படிச்சும் பாத்திருக்கலாம்லா?"

இதெல்லாம் நடக்கும்போது அவர்களுக்கு ஜெபசிங் பிறந்து வளர்ந்துகொண்டிருந்தான். அவனுக்கு ஐந்து வயதாகும்போதுதான், 1999 கோடை தொடங்குகையில், பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

பிள்ளை சிறுநீர் போகும்போதெல்லாம் அழுதான். அடிக்கடி காய்ச்சல் கண்டது. டாக்டர் பார்த்துவிட்டு, தோல் இறுக்கமாக இருக்கிறது, சிறுநீர் தேங்கித்தான் காய்ச்சல் வருகிறது, மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று, இனி முன்தோலை எடுத்துவிடுவதுதான் வழி என்றார். "பாய் வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்றதுதான். சின்ன ஆபரேஷன். காய்ச்சல் விட்டதும் கூட்டிட்டு வாங்க. தள்ளிப் போடாதீங்க."

வெளியே வந்ததும் வெள்ளைத்தாய்க்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "பேரு வச்ச ஐயரு கண்ணு முன்னால வந்து நிக்கட்டும். மூணு வசனமும் என் வீட்டு வாசலுக்கே வந்துருச்சு."

செல்வக்குமார் சிரிக்கவில்லை. சைக்கிள் பெடலை மிதிக்காமலேயே வெகுநேரம் தள்ளிக்கொண்டு நடந்தான். வீட்டுக்குள் நுழைகையில் சொன்னான்: "கமிட்டியில வச்சுப் பாப்போம்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "எதை?"

"இல்ல, இது விருத்தசேதனம்லா. நான் செயலாளரா இருந்துக்கிட்டு, சபைக்குத் தெரியாம…"

"எம்மவன் மூத்திரம் போறது சபைக்கு எதுக்குங்க தெரியணும்?"

"நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக்கூடாது பாரு."

செல்வக்குமார் கெட்டவன் இல்லை. பிள்ளை அழும்போது கூடச் சேர்ந்து கண் கலங்குகிறவன். ராத்திரி விசிறிக்கொண்டே உட்கார்ந்திருப்பான். யாராவது அவனிடம் வந்து, நீ செய் என்று சொன்னால் உயிரைக் கொடுத்தும் செய்வான். அப்படிச் சொல்கிற ஆள் ஒருவர் வேண்டும், வழிமொழிய இன்னொருவர் வேண்டும். அவ்வளவுதான் சங்கடம்.

கமிட்டி கூடியது. ஐயர், கலாத்தியருக்கு எழுதின நிருபத்தை எடுத்துக்கொண்டார்: விருத்தசேதனம் பண்ணிக்கொண்டால் கிறிஸ்துவால் பிரயோஜனம் இல்லை என்று பவுல் திட்டமாக எழுதியிருக்கிறார். தவசிமுத்து அண்ணாச்சி விடவில்லை: அதே பவுல்தான் தீமோத்தேயுவைத் தானே கூட்டிக்கொண்டுபோய் விருத்தசேதனம் பண்ணினார், அதுவும் ஊர் வாய்க்குப் பயந்து. பவுல் எழுதினதையும் பவுல் செய்ததையும் வைத்துக்கொண்டு கமிட்டி சரிபாதியாகப் பிரிந்தது. பிள்ளையின் காய்ச்சலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இன்னொருவர், பையன் நாளைக்குப் பம்புசெட்டில் குளிக்கும்போது நாலு பேர் பார்த்தால் செயலாளர் மகன் மதம் மாறிவிட்டான் என்றல்லவா பேசுவார்கள் என்றார். அதற்குள் காம்பவுண்டுச் சுவர் விஷயம் குறுக்கே வந்து, ஜெபசிங்கின் விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்து இதை அவன் ஒன்றுவிடாமல் சொன்னான். ஒளித்துப் பேசவும் தெரியாதவன்.

"சொவரு என்னாச்சு?" என்று கேட்டாள் வெள்ளைத்தாய்.

"சொவரு பாஸ் ஆயிட்டு."

அவள் எழுந்துபோய் ஆடுகளுக்குத் தண்ணீர் வைத்தாள். ஆடுகளிடம் என்ன சொன்னாள் என்பது அவற்றுக்குத்தான் தெரியும்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் பிள்ளைக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தது. இந்தத் தடவை உடம்பு தூக்கிப் போட்டது. டாக்டர் திட்டினார்: "அன்னைக்கே சொன்னேன்லம்மா? இன்னொரு தடவை இப்படி வந்தா கிட்னிக்குப் போயிரும். அப்புறம் என்கிட்ட வராதீங்க, மதுரைக்குப் போங்க." வெள்ளைத்தாய் புருஷனைப் பார்த்தாள். அவன் டாக்டரின் மேஜையைப் பார்த்தான்.

"சனிக்கிழமை காலையில கமிட்டி இருக்கு," என்றான் வெளியே வந்து. "அன்னைக்கு எப்படியும் ஒரு முடிவு எடுத்துருவாவ."

காய்ச்சல் விட்டது. கமிட்டி வரவேண்டியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு ரசூல் பீவியின் பேரன் தௌபீக்குக்குச் சுன்னத். ரசூல் பீவியின் வீட்டுக்காரர் முத்து முகம்மது மார்க்கெட் ரோட்டில் சாக்குக் கடை வைத்திருந்தார். இரண்டு வீட்டுக்கும் இடையே குழம்புக் கிண்ணம் போகாத நாள் கிடையாது. சாயங்காலம் ஒரு ஆட்டோவுக்குக் கலர் காகிதப் பூ ஒட்டி, சீரியல் லைட் சுற்றி நிறுத்தியிருந்தார்கள். ஏழு வயதுத் தௌபீக் சரிகைத் தொப்பியும் புதுச் சட்டையுமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் சந்தேகம்.

"ஏட்டி வெள்ளைத்தாயி, வா வா. மாப்பிள்ளைக்கு ஒரு மாலையப் போடு," என்றாள் ரசூல் பீவி.

"எந்த மாப்பிள்ளைக்குக்கா?"

"இந்தா இருக்கானே, இவன்தான்."

"இவனா?"

"சுன்னத்துக் கல்யாணம்னா மாப்பிள்ளை வேண்டாமா? எங்கள்ல அறுக்குத அன்னைக்குப் பிள்ளைதான் மாப்பிள்ளை. எங்கம்மா காலத்துல குதிரையில ஏத்தி ஊர்கோலம் போவாவ. இப்போ குதிரைக்கு எங்க போக? ஆட்டோதான்."

"பொண்ணு எங்க?" என்று கேட்டான் தௌபீக். ரொம்ப நேரமாக அவனுக்கு அதுதான் கவலை போலிருக்கிறது.

"பொண்ணு பொறவு வரும்லே. மொதல்ல மாப்பிள்ளை ஆவு," என்றாள் ரசூல் பீவி. பெண்கள் சிரித்தார்கள்.

வெள்ளைத்தாய் சிரிக்கவில்லை. மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கத்தி, ரத்தம், பிள்ளை, மாப்பிள்ளை. மூன்று ஐயர்கள், ஒரு அண்ணாச்சி, இத்தனை வருஷம். அந்த மூன்று வசனத்தில் 'இரத்தசம்பந்தமான புருஷன்' என்று சிப்போராள் சொன்னதற்கு ஆளுக்கொரு அர்த்தம் சொன்னார்களே, அதை அறுத்த பிள்ளையைப் பார்த்தே சொல்லியிருந்தால்? அழுகிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ஒண்ணுமில்லடா, நீ என் ரத்தத்து மாப்பிள்ளைடா என்று ஒரு தாய் சொல்லியிருந்தால்? அதில் ஏச்சும் இல்லை, பேயும் இல்லை. எதிர்வீட்டில் நடக்கிற விசேஷம்.

கதையை ரசூல் பீவியிடம் சொன்னாள். ரசூல் பீவி முறுக்குத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு முழுதும் கேட்டாள்.

"மூஸா நபி கிணத்தடியில பொண்ணுகளுக்கு உதவி பண்ணி, அந்த வீட்டுலயே பொண்ணு எடுத்த கதை எங்கள்லயும் உண்டு. இந்த ரகளை எங்கள்ல இல்லம்மா. நீ சொல்லுத அர்த்தம் சரியா இல்லையா, எனக்குத் தெரியாது. எங்கள்ல மாப்பிள்ளைன்னு கூப்பிடுததுக்காக, அந்தக் காலத்துல அவியளும் கூப்பிட்டாவன்னு சொல்ல முடியுமா?" என்றாள். பிறகு, "அதை விடு. பிள்ளைக்குக் காச்சல் எப்படி இருக்கு?"

"விட்டுருச்சு."

"அப்போ என்ன பாக்குத?"

"நாளைக்குக் கமிட்டி."

ரசூல் பீவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நாளைக்குக் காலையில தௌபீக்க அதே டாக்டர்ட்டதான் கொண்டுபோறோம். இப்போல்லாம் வீட்டுல வச்சு யாரு அறுக்குதா? ஆட்டோல எடம் இருக்கு. வெறும் வயித்தோட கூட்டிட்டு வா."

சனிக்கிழமை காலை செல்வக்குமார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பைலை எடுத்துக்கொண்டு கிளம்பினான். "ஜெபம் பண்ணிக்கோ, தாயி," என்றான். அவள் தலையாட்டினாள். சைக்கிள் தெருமுனையில் திரும்பியதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தாள்.

நேற்றைய காகிதப் பூவை யாரும் பிய்க்கவில்லை. ஒரு மாப்பிள்ளை மாலையோடும் ஒரு மாப்பிள்ளை மாலை இல்லாமலும் இருப்பது ரசூல் பீவிக்குப் பொறுக்காமல், தௌபீக்கின் கழுத்திலிருந்த இரண்டில் ஒன்றை எடுத்து ஜெபசிங்குக்குப் போட்டுவிட்டாள். சபைச் செயலாளரின் மகன், சுன்னத் ஆட்டோவில், மாலையும் கழுத்துமாக மெயின் ரோடு வழியாகப் போனான். பம்புசெட்டில் நாலு பேர் பார்ப்பார்களே என்று கமிட்டி கவலைப்பட்டது. கடம்பூர் பஸ்ஸுக்காக நின்ற நாற்பது பேர் பார்த்தார்கள். அதில் தவசிமுத்து அண்ணாச்சியின் மாமன் மகளும் ஒருத்தி.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள். "பிள்ளைக்கு அப்பா வரலியா?"

"கமிட்டியில இருக்காவ."

"என்ன கமிட்டி?"

"இதைப் பண்ணலாமா வேண்டாமான்னு."

நர்ஸ் தாளை நீட்டினாள். கையெழுத்துப் போடுகிற இடத்தில் வெள்ளைத்தாயின் கை கொஞ்சம் தயங்கியது. பிறகு, கல்யாணப் பதிவுக்குப் பிறகு முதல்முறையாக, சிப்போராள் என்று எழுதினாள்.

"இது என்ன பேருக்கா?"

"வேதத்துல உள்ளதுதான். ஆனா ரெண்டாம் அதிகாரத்தோட நிப்பாட்டிறாத, மேலயும் படி."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது அவளுக்குக் கை நடுங்கியது. கூரான கல்லை எடுத்தவளுக்கு நடுங்கியதா என்று எழுதவில்லை. நடுங்கித்தான் இருக்கும் என்று நினைத்தாள். கர்த்தர் ஒருபக்கம் கொல்ல நிற்கிறார், புருஷன் ஒருபக்கம் சும்மா கிடக்கிறான், பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு கத்துகிறது. இதில் ஊழியத்துக்குத் தடை எங்கே இருக்கிறது?

பிள்ளையை வெளியே கொண்டுவந்து படுக்கவைத்த கொஞ்ச நேரத்தில் செல்வக்குமார் வந்தான். பஸ்ஸுக்காக நின்ற யாரோ சொல்லி ஓடி வந்திருக்கிறான், சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கையில் பைல். கதவருகே நின்று பிள்ளையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஜெபசிங் முனகினான்.

"கமிட்டி என்னாச்சு?" என்றாள் வெள்ளைத்தாய்.

"மேலிடத்துக்கு எழுதிக் கேக்கலாம்னு…"

அவ்வளவுதான். நர்ஸ் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்த பிள்ளையின் டவுசரை எடுத்தாள். அதில் ரத்தம் பட்டிருந்தது. அவன் காலடியில் எறிந்தாள். அவனுடைய பாலிஷ் போட்ட செருப்பின் மேலேயே போய் விழுந்தது.

"நீங்க எனக்கு…" என்று ஆரம்பித்தாள். ஆறு வருஷமாகத் தெரிந்த வாசகம், தொண்டை வரை வந்து நின்றது. நேற்றுத்தான் அது புருஷனுக்குச் சொன்னதல்ல என்று கண்டுபிடித்திருந்தாள். அதற்குப் பதிலாகச் சொல்ல வேறு வார்த்தையும் கிடைக்கவில்லை.

"குழா வெளிய இருக்கு. அலசிக் கொண்டாங்க."

செல்வக்குமார் குனிந்து அதை எடுத்தான். பைலைப் பெஞ்சில் வைத்தான். யாரும் முன்மொழியவில்லை, வழிமொழியவில்லை, அவன் போனான். ஜன்னல் வழியாகத் தெரிந்தது: குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பேண்டை மடித்துவிடக்கூடத் தோன்றாமல், அந்தச் சின்னத் துணியைக் கசக்கிக்கொண்டிருந்தான். பக்கத்துக் கட்டிலில் தௌபீக்குக்கு விசிறிக்கொண்டிருந்த ரசூல் பீவி ஜன்னலில் தலையை நீட்டினாள். "தம்பி, பச்சத்தண்ணியிலயே அலசுங்க. வெந்நி ஊத்தினா கறை பிடிச்சுக்கிடும்!"

"சரிக்கா," என்றான் அவன்.

அன்று ராத்திரி அவன்தான் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வெள்ளைத்தாய் தௌபீக்கின் விசேஷத்தையும் தான் கண்டுபிடித்த அர்த்தத்தையும் சொன்னாள். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"அப்போ அவ மோசேயப் பாத்து ஒண்ணுமே சொல்லலியா?"

"அவரப் பாத்துச் சொல்ல வார்த்தை கிடைச்சிருக்காது," என்றாள்.

ஊர் பேசியது. எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவும், எதிர்பாராத விதமாகவும். செயலாளர் கடன் தொல்லையில் சாக்குக் கடையில் பங்கு சேர்ந்துவிட்டார், அதற்காகத்தான் இது என்று ஒரு பேச்சு. ஐயர் வீட்டுக்கு வந்து ஜெபித்தார், கலாத்தியரை எடுக்கவில்லை. பிள்ளை வாசலில் டயர் உருட்டிக்கொண்டு ஓடியதைப் பார்த்து, கர்த்தர் நடத்தினார் என்றார். வெள்ளைத்தாய் தன் விளக்கத்தைச் சொன்னபோது நெற்றியைச் சுருக்கினார். "அது பாய் வீட்டு வழக்கம் அம்மா. அதை வைத்து வேதத்துக்கு அர்த்தம் சொல்லக்கூடாது."

"வேதத்துல உள்ளவ மட்டும் எந்த வீட்டுக்காரி? அவளும் அந்நியப் பொண்ணுன்னு நீங்கதானே பிரசங்கத்துல சொன்னீங்க?"

அதற்கு அவர் காபியைக் குடித்தார்.

ஜெபக்கூட்டம் மோசேயின் ஐந்து புஸ்தகங்களையும் சுற்றிவிட்டு மறுபடியும் யாத்திராகமத்துக்கு வந்தபோது, நான்காம் அதிகாரம் செல்வக்குமாரின் வீட்டிலேயே விழுந்தது. தற்செயல்தான் என்று வெள்ளைத்தாய் சொல்வாள். கூட்ட வரிசையைப் போடுகிறவர் செயலாளர் என்பதை அவள் கவனிக்காமல் இல்லை. வந்தவர்களுக்குக் கடம்பூர் போளி வாங்கி வைத்திருந்தான். வாசிக்க ஐயரிடம் கொடுக்காமல் அவனே எடுத்தான். இருபத்துமூன்றாம் வசனம் முடிந்தது. எல்லாரும் செருமலுக்குக் காத்திருந்தார்கள். அவன் செருமவில்லை. இருபத்துநான்கு, இருபத்தைந்து, இருபத்தாறு. ஒவ்வொன்றையும் கணக்கு வாசிப்பதுபோல நிறுத்தி, தெளிவாக வாசித்தான். கூரான கல் வரும் இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

தவசிமுத்து அண்ணாச்சிதான் முதலில் வாய் திறந்தார். "இது மர்மமான பகுதி."

"மர்மம்லாம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி," என்றாள் வெள்ளைத்தாய், போளித் தட்டோடு உள்ளேயிருந்து வந்தபடியே. "ஒருத்தர் செய்யாம விட்டாவ, ஒருத்தி செஞ்சா. அதுவரைக்கும் எனக்கு விளங்கிட்டு. அனுப்பின கர்த்தரே எதுக்குக் கொல்ல வந்தாவ, அதுதான் இன்னும் விளங்கல. பிள்ளையக் கல்ல வச்சு அறுக்குத அளவுக்கு ஒரு பொம்பளைய விரட்டணுமா? சொல்லியிருந்தா முன்னாடியே நிதானமா பண்ணியிருப்பாள்லா?"

ஐயர் எதையோ சொல்ல வாயெடுத்தார். செல்வக்குமார் அவரைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"எனக்கும் விளங்கல," என்றான்.

கமிட்டியைக் கேட்காமல் அவன் சொன்ன முதல் கருத்து அது. அவள் தட்டை முதலில் அவனிடம் நீட்டினாள்.